அம்மாவுக்கு அக்கி
அம்மாவுக்கு இடுப்புக்கு மேலே இடது பக்கம் மட்டும் நாலு நாளாக எரிச்சல், சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தோம், நேற்று காலையில் பார்த்தால் முதுகெலும்பில் தொடங்கி வயிறு வரை பட்டை போட்ட மாதிரி நீர்க்கொப்புளம். அக்கி. குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுதிவிடலாம் என்றார் சித்தி. நான் முதலில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன்.

விஷயம் என்னவென்றால், இது வெளியிலிருந்து புதிதாக வந்ததே இல்லை. அம்மாவுக்கு 10 வயதில் வந்த சின்னம்மை சரியானபோது அந்த வைரஸ் போய்விடவில்லை, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஒளிந்துகொண்டது. அப்புறம் 55 வருஷம் டி செல்கள் (உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள்) அதைத் தலையெடுக்க விடாமல் காவல் இருந்திருக்கின்றன! வயது ஏற ஏறக் காவல் தளர்கிறது, வைரஸ் அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வருகிறது. ஒரு பக்கம் மட்டும் வருவது அதனால்தான். (சுற்றி வளைத்துவிட்டால் ஆபத்து என்று பக்கத்து வீட்டு ஆச்சி கிளப்பிய பீதியும் இதோடு காலி.)

அக்காவின் கைக்குழந்தையை மட்டும் தள்ளி வைத்திருக்கிறோம். சின்னம்மை வராதவர்களுக்கு இந்தக் கொப்புள நீர் பட்டால் அக்கி வராது, சின்னம்மை வரும். அம்மாவுக்கு எரிச்சலைவிடக் குழந்தையைத் தள்ளி வைத்ததுதான் பெரிய வருத்தம்.