ஓர் அறையில் ஐந்து முட்டை

கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தென்னந்தோப்புகளில் நாற்பது தேனீப் பெட்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் நான் பார்த்த முதல் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து, நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். ராணியைத் தேடி அலைய வேண்டாம், முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். எனக்கு ரொம்ப வசதி. நம்ம ஊர் அடுக்குத் தேனீயின் ராணி வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளிந்துவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும்.

ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை பெட்டிகளைத் திறக்கவே இல்லை. வெயில் வந்த ஒரு நாள் பதினேழாம் பெட்டியைத் திறந்தேன். தேனடையின் அறைகளில் முட்டை கிடந்தது. ‘முட்டை உண்டு, ராணி நலம்’ என்று எழுதி மூடிவிட்டேன்.

அடுத்த முறை அண்ணாச்சியும் வந்தார். களக்காட்டுக்காரர். 1991-92இல் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயை அழித்த வைரஸ் நோயில் எல்லாப் பெட்டியையும் இழந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியவர். அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றை உருவி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“ஏலே, முட்டை இருக்குன்னு எழுதிட்ட. எத்தனைன்னு எண்ணுனியா?”

எண்ணினேன். ஓர் அறையில் ஐந்து. பக்கத்து அறையில் மூன்று. அடியில் இல்லை, சுவரில் அங்கங்கே நொய்யரிசி ஒட்டியது மாதிரி. ராணி இட்டால் அறைக்கு ஒன்றுதான். நீண்ட வயிற்றை உள்ளே விட்டு, அடியின் நடுவில் நட்ட மாதிரி வைக்கும். மறுநாள் முட்டை சாயும், மூன்றாம் நாள் படுக்கும். இங்கே இருந்தவை வேலைக்காரத் தேனீக்கள் இட்டவை. அவற்றின் வயிறு அடிவரை எட்டாது.

ஒரு சட்டத்தில் மூடிய அறைகளும் மேடு தட்டிப்போய் இருந்தன. ஆண் தேனீ வளரும் அறைகள். இணை சேராத வேலைக்காரத் தேனீயின் முட்டை கருவுற்றிருக்காது. அதிலிருந்து ஆண் மட்டும்தான் வரும். ஆண் தேனீ மகரந்தம் கொண்டு வராது, புழுவுக்கு ஊட்டாது. பெட்டி நிறைய முட்டையை வைத்துக்கொண்டே அந்தக் கூட்டம் அழிந்துகொண்டிருந்தது.

பழைய ராணியை ஏதோ ஒரு முறை சட்டத்தை உருவும்போது நான்தான் நசுக்கியிருக்க வேண்டும். இளம் புழுவிலிருந்து தேனீக்கள் புது ராணியை வளர்த்திருக்கும். அது வெளியே பறந்துபோய் இணை சேர்ந்து திரும்ப வேண்டிய நாட்களில் சாரலும் காற்றும். போனது வரவில்லை. ராணி இல்லையென்றால் அடுக்குத் தேனீயில் வேலைக்காரிகள் வெகு சீக்கிரம் முட்டையிடத் தொடங்கிவிடும்.

பின்னால் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீ பற்றிப் படித்தபோது இந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. நம்ம பக்கம் அது கிடையாது. இந்தியாவில் பெரும்பாலும் இமயமலையில்தான். (உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டு வேறு.) அங்கே ராணி மகரந்த உருண்டையில் முட்டையிட்டு, மெழுகால் மூடி, கோழி மாதிரி மேலே படுத்துச் சூடு கொடுக்கும். பருவம் முடியும் நேரத்தில் ராணி இருக்கும்போதே வேலைக்காரிகள் முட்டையிட ஆரம்பிக்கும். அவற்றின் முட்டையை ராணி தின்னும், ராணியின் முட்டையை அவை தின்னும். சில கூடுகளில் ராணியையே கொன்றுவிடும். அங்கே ராணி கண்ணில் பட்டாலும் முட்டை யாருடையது என்று சொல்ல முடியாது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

“புது ராணி விடலாமா அண்ணாச்சி?”

“விட்டா கொன்னு போடும்லே.”

அந்தி சாய்ந்ததும் பலமான பதினெட்டாம் பெட்டியைத் திறந்து, மேலே ஒரு தினத்தந்தித் தாளை விரித்தார். முள்ளால் நாலைந்து துளை. அதன்மேல் பதினேழாம் பெட்டியின் கூட்டத்தை வைத்து மூடினோம். தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது.

மூன்றாம் நாள் காலையில் போனேன். வாசல் பலகையில் காகிதத் துணுக்குகள் குவிந்திருந்தன. ஒரு தேனீ, ‘திருநெல்’ வரைக்கும் எழுத்து தெரிந்த ஒரு துண்டை இழுத்து வந்து ஓரத்தில் தள்ளிவிட்டு உள்ளே போனது.