ஒன்று முதல் மூன்று வரை: ஜூன், ஜூலை

ஜூன் 9, திங்கள்

அடிப்படை மதிப்பீடு முடிந்தது. ஒன்றாம் வகுப்பு நிலைக்கு அரும்பு, இரண்டுக்கு மொட்டு, மூன்றுக்கு மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து செயலியில் ஏற்றியாகிவிட்டது. பஸ் பைத்தியம் பிடித்த நம் 'பஸ்காரர்' பையன் மூன்றாம் வகுப்பு. தமிழில் அரும்பு, கணக்கில் மலர். செயலி ஏற்றுக்கொண்டது, அவன் அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. "மூணாவது படிக்கிற பையன் ஒண்ணாவது பசங்களோட உக்காந்திருக்கானுங்களா டீச்சர்?" கணக்கு நேரத்தில் வந்து பாருங்கள் என்றேன். தறி ஓடும்போது எப்படி வருவார்.

ஜூன் 10

இடமாறுதல் கலந்தாய்வுப் பட்டியல் வரவில்லை.

ஜூன் 12

பஸ்காரர் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவான். டிரைவர் யார் என்பதுகூடத் தெரியும். பலகையில் இருப்பதைப் படிக்க மட்டும் வராது. இன்று கையேட்டை மூடிவிட்டு அட்டையில் ஊர்ப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். பல்லடம், சூலூர், சோமனூர், திருப்பூர். கடைசி எழுத்து மூன்றுக்கும் ஒன்றுதான் என்று அவனே கண்டுபிடித்தான். பல்லடத்துக்கு மட்டும் ஏன் 'ர்' இல்லை என்று என்னிடமே சண்டை.

மதியம் கணக்குக்கு அவன்தான் கண்டக்டர், பெஞ்சுதான் பஸ். டிக்கெட் 5 ரூபாய், 7 ரூபாய். ஏறிய பெண் பிள்ளைகள் எல்லாரும் "எங்களுக்கு ஃப்ரீ" என்றார்கள். டவுன் பஸ்ஸில் 2021இல் இருந்து அப்படித்தானே, அம்மா காசு கொடுத்து இவர்கள் பார்த்ததே இல்லை. சரி, பூஜ்யம் ரூபாய்க்கு டிக்கெட் கிழி என்றேன். அப்புறம் பையை எண்ணினால் வசூல் குறைகிறது. "இத்தன பேரு ஏறியும் பை நெறையலயே டீச்சர்." பூஜ்யத்தை எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்யம்தான் என்பதை ஒன்றாம் வகுப்புக்குப் புரியவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். இன்று கண்டக்டர் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 13

அம்மா போன். ஊருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு காலியிடம் இருக்கிறதாம். கண்டிப்பாக எடுத்துவிடு என்கிறாள்.

ஜூன் 17

இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் இருக்கும் தம்பி கத்திக் கத்திப் பேசுகிறான். இங்கே எல்லாப் பிள்ளைகளும் கத்தித்தான் பேசும். தறிக்குடோனுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள், மெதுவாகப் பேசினால் அம்மாவுக்கே கேட்காது. அதனால் அவனைத் தனியாகக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று அவன் பின்னால் போய் நின்று பெயரைச் சொன்னேன். திரும்பவில்லை. முன்னால் வந்து சொன்னதும் சிரித்தான். இவனை மெதுவாகக் கற்கும் பிள்ளை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 18

மறுபடியும் பின்னாலிருந்து கூப்பிட்டேன். இல்லை.

ஜூன் 20

ஒடிசா தம்பிக்குக் கையேட்டில் எந்தப் பக்கமும் இல்லை. அரும்பு என்று போட்டிருக்கிறேன், வேறு என்ன போடுவது. தமிழ் தெரியாதே தவிர கணக்கு தெரியாதவன் இல்லை, கடையில் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்குகிறான். இன்று கட்டம் போட்டுப் பாண்டி ஆடும்போது அவன் எண்ணில் எண்ணச் சொன்னேன். ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச. பெண் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சாயங்காலம் வரை வராண்டா முழுக்க ஏக, துய்தான். பதிலுக்கு அவன் பத்து வரை தமிழில் சொன்னான், ஏழில் மட்டும் தடுக்கியது. அது தமிழ்ப் பிள்ளைகளுக்கே தடுக்கும்.

ஜூன் 24

சுவரின் அடியில் கறுப்புப் பட்டை இன்னும் இருக்கிறது. செயல்வழிக் கற்றல் 2007-08இல் எல்லாப் பள்ளிக்கும் வந்தபோது பூசியது, பிள்ளைக்கு ஒரு கட்டம். ஏணி, அட்டை, டிரே என்று அப்போது எல்லாரும் அலுத்துக்கொண்டோம். ஆனால் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் படியில் நின்றது, அடுத்த பிள்ளைக்காகக் காத்திருக்கவில்லை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, இந்த அரும்பு, மொட்டு, மலர் அதில்தான். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் இருக்கிறது, நல்ல திட்டம்தான். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறது. எதைக் காட்டினால் அந்தப் பிள்ளை எழுந்து வரும் என்று எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை. எனக்குப் பிறகு வருகிறவருக்கு பஸ் அட்டையைப் பற்றி யார் சொல்வது?

கறுப்புப் பட்டைக்கு மறுபடி வண்ணம் அடிக்க எச்.எம்.மிடம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 26

காற்று. சார்ட் எல்லாம் பறந்தது. ஒன்றும் எடுபடவில்லை. கதை சொல்லித் தள்ளினேன்.

ஜூலை 1

ஆட்டுக்கார அம்மிணி எல்லாப் பாடத்திலும் மலர். கொடுத்ததை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தவள் ஜடையை அவிழ்க்கிறாள். "நீ முடிச்சிட்டியா, சும்மா உக்காரு" என்பதைத்தான் அவள் மூன்று வருடமாகப் பள்ளியில் கேட்கிறாள். பயிற்சிக்குப் போனால் எல்லாப் பேச்சும் பின்தங்கியவர்களைப் பற்றி. தேவைதான். ஆனால் முந்தியவளுக்கும் ஒரு தேவை இருக்கிறதல்லவா?

வீட்டில் ஆடு சினை. ஐந்து மாதம், ஏறக்குறைய 150 நாள். சேர்த்த தேதியைப் பாட்டியிடம் கேட்டு வந்து, எப்போது குட்டி போடும் என்று காலண்டர் பார்த்துச் சொல் என்றேன். 30 நாள் மாதம், 31 நாள் மாதம் என்று விரல் முட்டியில் எண்ணி மத்தியானம் வரை போராடினாள். ஐப்பசியில் வருகிறது. "மழையில குட்டி நனையுமே டீச்சர்." அதற்குக் கொட்டகை அளவு போடச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு அவளைப் பற்றிக் கவலையில்லை.

ஜூலை 4

பட்டியல் வந்துவிட்டது. என் எண் 41. முன்னால் இருக்கிறவர்கள் அந்த இடத்தைக் கேட்காவிட்டால் கிடைக்கும் என்கிறார்கள்.

பார்வையிட வந்தவர் பாடக்குறிப்பில் 'ஆடு' என்று இருந்ததைப் பார்த்து எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு, காலம் அறிதல் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 5

ஜன்னலோரத் தம்பியைக் காது பரிசோதனை முகாமுக்கு நானே கூட்டிப்போனேன், அவன் அம்மாவுக்கு ஷிப்ட். இரண்டு காதிலும் குறை, இடதில் அதிகம். மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னபோது தறியை நிறுத்தாமலே கேட்டார். அப்புறம் நிறுத்தினார்.

ஜூலை 7

அவனை ஜன்னலிலிருந்து மாற்றினேன். வலது காது என் பக்கம், ஃபேன் தலைக்கு மேல் வேண்டாம். பலகையில் எழுதிக்கொண்டே பேசக் கூடாது, திரும்பி அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு வகுப்புக்குள்ளேயே இது எத்தனை முறை மறந்துபோகிறது. சொல்வதெழுதுதலுக்கு அவனுக்குப் படம் காட்டினேன். எல்லாம் சரி. மெதுவாகக் கற்கும் பிள்ளையாம்.

அம்மா போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 9

நாளை காலை 10 மணிக்குத் திருப்பூரில் கலந்தாய்வு. மூன்று வகுப்பையும் எச்.எம். பார்த்துக்கொள்வார். காது, பஸ், ஆடு, பாண்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "ஒரு நாளைக்கு எதுக்குங்க இவ்வளவு" என்றார். பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காற்றாடி செய்யலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. அட்டை இருக்கிறது, குண்டூசி வாங்க வேண்டும்.