அண்ணன் விட்டுப்போன ஹெரால்டும் பரண் நிறைய சாமானும்

அண்ணன் போனபிறகு கார் எனக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இருவரும் எப்போதோ போய்விட்டார்கள், திருச்சியில் இருக்கிற அக்காவுக்கு கார் என்றாலே தலைசுற்றல். அதனால் 1966ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று, இரண்டு கதவு, மேலே வெள்ளை கீழே நீலம், என் பேருக்கு வந்து சேர்ந்தது. சொந்தக்காரர்களில் அதைப் பற்றி விசாரிக்காத ஆளே இல்லை. ஆனால் காரோடு சேர்ந்து வந்த மற்றதைப் பற்றி, அதாவது குரோம்பேட்டை வீட்டுப் பின்கட்டு அறையிலும் பரணிலும் மாடிப்படிக்கு அடியிலும் அண்ணன் சேர்த்துவைத்த ஸ்பேர் பார்ட்ஸ் பற்றி, கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "காயலான் கடையில எடைக்குப் போட்டுடலாமே?"

ஹெரால்டு தெரியாத வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டியை, வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பேரில் இங்கே செய்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி. இன்ஜின் 948 சிசி. அங்கே 1961லேயே 1147 சிசிக்குப் போய்விட்டார்கள், நமக்குக் கடைசிவரை 948தான். நாலு பேர் உட்கார்ந்து ஏற்காடு ஏறினால் வண்டி என்ன சொல்லும் என்பதை நான் எழுத வேண்டாம். ஆனால் எங்கள் தெருவில் ஒரே மூச்சில் முழு வட்டமாகத் திரும்புகிற கார் இன்றைக்கும் இது ஒன்றுதான். 25 அடி வட்டம் போதும் அதற்கு.

இன்னொரு விசேஷம் பானெட். மூடியை மட்டும் தூக்குவது இல்லை, இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். இன்ஜின் முழுசாக வெளியே தெரியும். அண்ணன் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வேலை செய்வார், பக்கத்தில் டிரான்சிஸ்டர், காபி டம்ளர். பாடியும் தனித்தனித் துண்டு, சேசிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கியது. அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே கூடாக வெல்டு பண்ண ஆரம்பித்துவிட்டபோது இவர்கள் மட்டும் ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, அரைமணி நேரம் போயிற்று. இங்கிலாந்து டிரையம்ஃப்காரர்களுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்ய ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாகப் பல இடத்தில் செய்து கோர்க்கிற மாதிரி வடிவமைத்தார்களாம். அந்த இங்கிலாந்து வம்புக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பக்கம் துருப்பிடித்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி டிங்கரிங்குக்கு அனுப்ப முடிகிறது.

அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது ஹெரால்டு முடிந்து அதன் அடுத்த மாடலான கெசல் ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் அதுவும் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் ஒன்று போட்டார்கள், எடுபடவில்லை, எண்பதுகளின் கடைசியில் இழுத்து மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அண்ணனும் போனார், ஆனால் போகிற வழியில் எங்கெங்கே பழைய டீலர்கள் கடையைக் கட்டுகிறார்களோ அங்கெல்லாம் நின்று, மிச்சம் கிடந்த ஸ்டாண்டர்ட் சாமான்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்தார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் மாடியில் என்ன கிடக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாதது இவருக்குத் தெரியும். புதுப்பேட்டையில் ஹெரால்டு ஒன்றை உடைக்கப் போகிறார்கள் என்றால் தகவல் வந்துவிடும், உடனே கிளம்பிவிடுவார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழே இருந்தது நிறைய நனைந்தது. அதற்கப்புறம்தான் பாதி பரணுக்கு ஏறியது.

ஆர்.சி. மாற்றிய கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும். சொந்தக்காரர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மூன்று மாசத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை வாரிசு வண்டியை ஓட்டலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., இன்சூரன்ஸ், அப்புறம் அக்காவிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம். அவ்வளவுதான். "விண்டேஜ்னு பதிஞ்சுடுங்க மேடம், கௌரவம்" என்று ஒருவர் யோசனை சொன்னார். 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேலான, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை அப்படிப் பதியலாம்தான், ஆனால் அப்புறம் அதை தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு இப்படித்தான் வெளியே எடுக்கலாம். கௌரவத்தை வைத்துக்கொண்டு நான் காய்கறிக்குப் போக முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, சாமான்களுக்கு வருகிறேன்.

பெட்டிகளைத் திறக்கத் திறக்க எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் வண்டி இரண்டு கதவு. பரணில் இருக்கிறதோ பின்கதவுக் கண்ணாடிகள், பழைய வேட்டியில் சுற்றி, ஒன்று இரண்டு இல்லை. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும், அறுபதுகளின் கடைசியில் வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று செய்யவே இல்லை. அதாவது மற்ற எதற்கும் இங்கிலாந்தில் இருக்கிற டிரையம்ஃப் ஸ்பேர்ஸ் கடைகளுக்கு எழுதிப் பணம் கட்டி வரவழைக்கலாம், பின்கதவு உடைந்தால் இங்கேயே யாரிடமாவது இருந்தால்தான் உண்டு. அதே மாதிரி கெசலின் கிரில், அதே கம்பெனியின் இன்னொரு பழைய காரான ஸ்டாண்டர்ட் டென்னின் வீல் கப். எங்கள் காரில் பூட்டவே முடியாத சாமான்களை இந்த மனுஷன் எதற்காக முப்பது வருஷம் தூசி தட்டினார்?

விடை பெட்டி மேலேயே இருந்தது, கையெழுத்து அவ்வளவு மோசம் என்பதால் படிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஊர் பேர், வண்டிக் கலர், சில இடத்தில் தொழில். "ஊட்டி டாக்டர் பச்சை." "ஈரோடு, சாம்பல், நாலு டோர்." "காரைக்குடி, பையன் ஓட்டுறான்." எதிலும் விலை இல்லை. யார் வண்டிக்கு எது என்றைக்காவது தேவைப்படும் என்று இவராகவே முடிவு பண்ணி, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துவைத்திருக்கிறார். சிலருக்கு அது தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நோட்டும் இருந்தது, அதில் போன் நம்பர்கள், பாதி லேண்ட்லைன்.

எடைக்குப் போடலாம் என்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல ஆரம்பித்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் அக்கா பையன் உட்பட. அவனுக்கு அந்த அறையில் ஒரு ஜிம் வைக்க ஆசை.

எல்லாவற்றையும் அப்படியே பூட்டிவைப்பதும் முட்டாள்தனம், அதையும் சொல்ல வேண்டும். பல்லாவரத்தில் அண்ணனின் வண்டியை ரொம்ப நாளாகப் பார்க்கிற மெக்கானிக் பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து பிரித்துக்கொடுத்தார். இரும்பு, வெண்கலம், பேக்லைட் எல்லாம் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. ரப்பர் எல்லாம் செத்துவிட்டது. பிரேக் வீல் சிலிண்டர் கிட், புதுப் பெட்டி, சீல்கூட உடையவில்லை, உள்ளே வாஷர் விரலால் அழுத்தினால் விரிசல் விடுகிறது. "பாக்கிங்கப் பாத்து ஏமாறாதீங்கம்மா, பிரேக்குல இது போட்டா உயிருக்கு உத்தரவாதம் இல்ல" என்று சொல்லி அவரே எடுத்துக் குப்பையில் போட்டார். பழைய கன்டென்சர்கள் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும், அதுவும் போனது. இந்தியா பிஸ்டன்ஸ் ரிங் செட்டுகள் எண்ணெய்க் காகிதத்தில் அப்படியே பளபளவென்று இருந்தன. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்கள், வால்வுகள், காண்டாக்ட் பாயிண்டுகள் தேறின. பேரிங்குகளில் வெள்ளத்தில் நனைந்தவை புள்ளி புள்ளியாகத் துரு, மற்றவை நலம். ஹெட் கேஸ்கெட்டுகளைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம், அந்தக் காலத்துச் சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், சுரண்டி ஊதி விளையாடக் கூடாது.

பெட்ரோலும் சேர்ந்துகொண்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் போனபோது வால்வு சீட், அதாவது வால்வு வந்து உட்காருகிற வளையம், தேயும் என்று அண்ணன் கவலைப்பட்டார், ஹெட்டைக் கழற்றி கடினமான சீட்டு போட்டுவிட்டார். இப்போது இருபது சதவீதம் எத்தனால். பெட்ரோல் பம்புக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற சவ்வும் பழைய பெட்ரோல் ஓஸும் அதைத் தாங்குவதில்லை, ஊறிப்போய் மெத்தென்று ஆகிவிடுகிறது. ஆக அவர் சேர்த்துவைத்த டயாஃப்ரம்கள், அவ்வளவு பத்திரமாகப் பவுடர் தூவி வைத்தவை, இன்றைய பெட்ரோலுக்கு உதவாது. எத்தனால் தாங்குகிற ரகம் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

இதில் எதையும் விட முக்கியமான விஷயம் ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டில். மேலே பிளாஸ்டர் ஒட்டி "கிரீஸ் இல்ல. ஆயில்" என்று எழுதியிருந்தது, வேறு எந்தப் பெட்டியிலும் இவ்வளவு தெளிவான எழுத்து இல்லை. பாய்தான் விளக்கினார். முன்சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடிமுனை மரை வெட்டியது. அது ட்ரன்னியன் என்கிற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை ஏறி இறங்குகிறது. அங்கே போக வேண்டியது 90ஆம் நம்பர் கியர் ஆயில். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் காலப்போக்கில் இறுகி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து உட்கார்ந்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போது நடந்தால் அதிர்ஷ்டம். அண்ணன் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை தானே படுத்துக்கொண்டு ஆயில் ஏற்றுவார். இப்போது நான் படுக்கிறேன், அறுபதை நெருங்குகிற வயசில், பாய் டார்ச் பிடிக்க, தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க.

ஸ்பேனரும் பார்த்து எடுக்க வேண்டும். எல்லாம் இன்ச் அளவு நட்டு. அக்கா பையன் தன் பைக் ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்து உதவுகிறேன் என்று இரண்டு நட்டின் முனையை உருண்டையாக்கிவிட்டான். அதிலிருந்து அவனுக்கு டார்ச் உத்தியோகம்கூட இல்லை.

நோட்டில் இருந்த நம்பர்களுக்குப் போன் போட்டேன். பாதி போகவில்லை. சிலர் வீட்டில் அவர்களும் இல்லை, வண்டியும் இல்லை. ஊட்டி டாக்டர் எடுத்தார். அண்ணன் போன செய்தியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் மெதுவாக, "அந்த கார்புரேட்டர் ஜெட் ஒண்ணு சொல்லியிருந்தார்..." என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தது, அவர் பேர் போட்ட பெட்டியிலேயே. ஈரோட்டுக்காரர் பின்கதவுக் கண்ணாடியை வாங்கிப்போக குடும்பத்தோடு வந்து, மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வியாபாரியும் வந்தார், நல்ல விலை, பொய் சொல்லக் கூடாது, என் பென்ஷனில் பல மாசத்துக் காசு. என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் ஏலம் விடுவேன் என்றார். அதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப் போகிற சாமான் ஓடுகிற வண்டிக்குப் போவதில்லை, நாலு வருஷம் கழித்து இரட்டை விலைக்கு விற்கலாம் என்று வேறொருவர் பீரோவுக்குள் போய்விடுகிறது. அதற்கு எங்கள் பரணே இருக்கிறதே. வேண்டாம் என்றேன். காரை மட்டும் கேட்டவர்களிடமும் அதையேதான் சொன்னேன்.

அண்ணன் வாங்கின விலைக்கே கொடுப்பாராம், சில சமயம் அதுவும் வாங்காமல். நான் அவ்வளவு தர்மவதி இல்லை. கூரியர் செலவு, பாய்க்குக் கூலி, வருஷா வருஷம் அந்த அறைக்கு வெள்ளையடிக்கிற செலவு எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன். வண்டியின் போட்டோ அனுப்ப வேண்டும், பானெட் திறந்த நிலையில், நாலு டயரும் தரையில் இருக்க வேண்டும். செங்கல் மேல் நிற்கிற வண்டிக்குக் கொடுப்பதா என்று யோசிப்பேன், ஆள் உண்மையிலேயே வேலை ஆரம்பித்திருக்கிறார் என்று தெரிந்தால் கொடுப்பேன். பிஸ்டன் ரிங் செட்டில் "நாற்பது" என்கிற ஓவர்சைஸ் அளவு இருக்கிறது, "இருபது" அளவு தீர்ந்துவிட்டது. கெசல் கிரில் இருக்கிறது. டென் வீல் கப் தாராளமாக இருக்கிறது, யாரும் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள்.

ட்ரன்னியன் மட்டும் இரண்டு செட் வைத்திருக்கிறேன், அது எங்கள் வண்டிக்கு. கேட்க வேண்டாம்.