பிறைற்றனுக்குப் போன மொறிஸ் மைனர்கள்

தென் லண்டனில் குறொய்டன் பகுதியில் குடியேறிய தொடக்க ஆண்டுகளில் வேலையிடம், கோவில், தமிழ்க் கடை ஆகியவற்றுக்கு அப்பால் எனக்குப் பழக்கமானவர்கள் எவரும் இருக்கவில்லை. அந்த வட்டத்தைத் தாண்டி எனக்குக் கிடைத்த முதல் நட்பு ஒரு மொறிஸ் மைனரால் வந்தது. வீதியோரம் நின்ற அந்தக் காரை நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, அதன் உரிமையாளரான முதியவர் வந்து பேச்சுக் கொடுத்தார். பருத்தித்துறையில் என் தந்தையார் இதே காரை வாடகைக்கு ஓட்டியவர் என்று சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. தாம் சேர்ந்திருக்கும் பழைய கார் கழகத்தார் கோடையில் பிறைற்றன் கடற்கரைக்குப் போகவிருப்பதாகவும், நானும் கட்டாயம் வரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பழைய கார்களுக்கும் பிறைற்றனுக்கும் உள்ள உறவு நெடியது. நாட்டுப்புறச் சாலைகளில் மணிக்கு 4 மைல் என்றிருந்த வேக எல்லையைத் தளர்த்திய சட்டம் நடைமுறைக்கு வந்த 1896 நவம்பர் 14 அன்று, கார் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிறைற்றனுக்கே ஓட்டிச் சென்றார்கள். அதன் நினைவாக, 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் இன்றும் நவம்பர் மாதத்தில் அந்த வழியே போகின்றன. எங்களோடு வந்தவை அவ்வளவு பழையவை அல்ல. 1950களிலும் 1960களிலும் வெளிவந்த மைனர்கள், ஓர் ஒஸ்ரின் ஏ35, பின்புறத்தில் மரச்சட்டம் பூட்டிய ‘ட்ரவலர்’ வகை மைனர் ஒன்று என அவை ஏ23 வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எங்கள் கார் 1961க்கு முந்தியது என்பதால், திரும்பும் பக்கத்தைக் காட்டச் சிறிய கை போன்ற விளக்கு கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும். யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தபோது அதைப் பார்ப்பதற்காகவே நான் முன் இருக்கையில் ஏறுவேன்.

பைக்கோமுக்கு அருகே, சவுத் டவுன்ஸ் குன்றுகளில் ஏறும் இடத்தில், எங்களுக்கு முன்னால் போன மைனர் திணறி நின்றுவிட்டது. அதன் மின்சார எரிபொருள் பம்பு இயந்திர அறையின் பின்சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். திறப்பைப் போட்டதும் அது ‘டிக், டிக்’ என்று அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை. பம்பின் உள்ளே மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் அதை இயக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் இப்படி நேரும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், திருப்புளியின் பிடியால் அதன் உடலில் மெல்லத் தட்டினேன். இரண்டாம் தட்டிலேயே அது உயிர்பெற்றது. எந்தப் பட்டறையில் வேலை பழகினீர்கள் என்று அவர்கள் மரியாதையோடு கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த பின், ஊரில் நான் கற்ற ஒன்றைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மடெய்ரா ட்றைவில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகளில் அமர்ந்தோம். அவர்கள் தேநீர்க் குடுவைகளைத் திறந்தார்கள். நான் கொண்டுபோன தட்டை வடையைப் பகிர்ந்தேன். உறைப்பு அதிகம் என்றவர்களும் இரண்டாவது வடையை எடுத்தார்கள். அப்போது பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றிச் சொன்னேன். 1990களின் முற்பகுதியில் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வருவது தடுக்கப்பட்டிருந்தது. போத்தல்களில் கள்ளச்சந்தை விலைக்கு வாங்கிய சிறிதளவு பெற்றோலை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆனால், சூடேறிவிட்டால் எரிபொருட் கலவையைக் குறைவாகவே அழுத்தும், அதாவது அழுத்த விகிதம் குறைந்த, இந்தப் பழைய இயந்திரங்கள் அதையும் எரித்து ஓடும், புதிய கார்களால் அது முடியாது. நோயாளிகளையும் பிரசவத்துக்கான பெண்களையும் என் தந்தையார் அந்தப் புகை நாற்றத்தோடுதான் மந்திகை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றார். இதைச் சொன்னபோது யாரும் குறுக்கே பேசவில்லை. ஒரு பெண்மணி மட்டும், வால்வுகள் எரிந்துபோகவில்லையா என்று கேட்டார். அடிக்கடி கழற்றித் தேய்க்க வேண்டியிருந்தது என்றேன்.

இங்கேயும் அவர்களுக்கு எரிபொருள் கவலை உண்டு. 2021 முதல் சாதாரண பெற்றோலில் எதனோல் 10 வீதம் வரை கலக்கப்படுகிறது. அது பழைய றப்பர்க் குழாய்களை அரித்துவிடுமென்று, எதனோல் குறைந்த விலைகூடிய பெற்றோலையே இவர்கள் நிரப்புகிறார்கள். இருவகை நெருக்கடியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு காரை விட்டுவிட மனமில்லாமல் அதற்காக மெனக்கெடும் அந்த அக்கறை எனக்கு நன்கு பழக்கமானது.

கடற்காற்றின் உப்பு மைனரின் அடித்தகட்டைத் தின்றுவிடும் என்பதால், வீடு திரும்பிய அன்றிரவே முதியவர் குழாய்த் தண்ணீரால் காரின் அடிப்பகுதியைக் கழுவ, நான் மின்விளக்கைப் பிடித்தேன். பம்பின் தொடுமுனைகளை மாற்ற அடுத்த சனிக்கிழமை வரும்படி வழியில் நின்றுபோன காரின் உரிமையாளர் கேட்டிருக்கிறார். பத்து வயதான என் மகளும் திருப்புளி பிடிக்கப் பழகவேண்டும் என்று நிற்பதால், அவளையும் கூட்டிப்போகிறேன்.