மஞ்சள் விளக்கு: ஐப்பசிக் குறிப்புகள்

ஒக்ரோபர் 18, சனி

கனகராயன்குளம் தாண்டி ஒரு டிப்பரை முந்தப் போனேன். பாதியில் இழுவை விட்டுப்போனது. எதிரே பஸ். பிறேக் போட்டு டிப்பருக்குப் பின்னால் ஒதுங்கினேன். டாஷ்போர்டில் எஞ்சினின் மஞ்சள் விளக்கு. அக்சிலரேற்றரை அடியோடு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. ஓரமாக நிறுத்தி, சுவிச்சை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. விளக்கு மட்டும் எரிகிறது.

அப்பா பின்சீற்றில் கண்ணைத் திறக்காமலே, "நேரம் என்ன தம்பி?" என்றார்.

ஆறு மணிக்கு அப்பாவின் டயலிசிஸுக்கு, இரத்தம் சுத்தம் செய்ய, வவுனியாவில் நிற்க வேண்டும்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

போனோடு சேரும் சின்ன ஸ்கானரைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பழுதுக் கோட். பி0107, பி0122. முதலாவது எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மனிபோல்டில் அழுத்தம் அளக்கும் சென்சர், மற்றது காற்றைத் திறந்து மூடும் துரொட்டிலின் சென்சர். இரண்டுக்கும் ஒரே முறைப்பாடு: சிக்னல் மிகக் குறைவு.

எஞ்சினை ஓடவிடாமல் சுவிச்சை மட்டும் போட்டால், அழுத்தச் சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். வன்னி பெரிய உயரம் இல்லை, 100 கிலோபாஸ்கலுக்குக் கிட்ட வர வேண்டும். வந்தது. ஸ்டார்ட் செய்து சும்மா விட்டால் 35க்கு இறங்குகிறது. அதுவும் சரி. முற்றத்தில் நிற்கும்போது எல்லாமே சரி.

கோட்டை அழிக்கவில்லை. அழித்தால் பழுது வந்த நேரத்து வேகம், சூடு, லோட் எல்லாம் சேர்ந்து போய்விடும். அதையாவது எழுதி வைத்தேன்.

அப்பாவின் நிறை 59.1 கிலோ. கூட, உடம்பில் தண்ணீர் நிற்கிறது.

ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. கராஜ் எல்லாம் பூட்டு. வந்த சனம் முழுக்க அப்பாவுக்கு வாழைப்பழம் கொண்டு வருகிறது. அவருக்கு அது கூடாது. எடுத்து எடுத்து ஒளித்தேன்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

கிளிநொச்சியில் ஒரு கராஜ். கராஜ்காரர் பொனற்றைத் திறக்கும் முன்னமே சொல்லிவிட்டார், எஞ்சினுக்குள் காற்றை அமத்தித் தள்ளும் டர்போ போய்விட்டதாம். "முந்தேக்கதானே தம்பி வருது? முந்தேக்கதானே டர்போ வேலை செய்யும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாயைக் கழற்றிப் பார்த்தோம், ஒயில் இல்லை. டர்போவின் சில்லைக் கையால் ஆட்டினால் ஆட்டமும் இல்லை. டர்போ அழுத்தம் கட்டவில்லை என்றால் பி0299 அல்லவா வர வேண்டும்? இது அழுத்தம் போதாது என்று சொல்லவில்லை, வயரில் சிக்னலே வரவில்லை என்கிறது. சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ரீகண்டிஷன் டர்போவுக்கு ஒரு விலை சொன்னார், கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முறிகண்டியில் இறங்கினேன். கச்சான் வாங்கவில்லை. வாங்கினால் வீட்டில் மணக்கும், அப்பா கேட்பார்.

ஒக்ரோபர் 22, புதன்

போய் வந்தோம். ஒரு வாகனத்தையும் முந்தவில்லை, லொறிக்குப் பின்னால் ஊர்ந்தே போனேன். பழுது வரவில்லை. பிந்திப் போனதற்குப் பேச்சு வாங்கினேன்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

கொழும்பிலிருந்து அழுத்தச் சென்சர் பஸ்ஸில் வந்தது. பூட்டினேன். மல்லாவி வீதியில் இரண்டு பக்கமும் அமத்திப் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது. பழைய சென்சரும் நாலு நாளைக்கு நன்றாகத்தானே இழுத்தது? இந்தக் கேள்வியால் நித்திரை இல்லை. பழுது வந்தால் பழுது என்று சொல்லலாம். வராவிட்டால் என்னத்தைச் சொல்வது?

ஒக்ரோபர் 25, சனி

ஓமந்தைக்குக் கிட்ட மறுபடி. புதுச் சென்சரோடு.

அப்பா: "உதை வித்துப்போட்டு ஒரு ஓட்டோ எடு."

ஒக்ரோபர் 26, ஞாயிறு

இப்போது மூன்று கோட். புதிதாகச் சேர்ந்தது பி0532, ஏசி அழுத்தச் சென்சர். அப்பா கூதல் என்பதால் ஏசி போடுவதே இல்லை, அது ஏன் கத்துகிறது?

மத்தியானம் முழுக்க வயறிங் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சென்சருக்கும் எஞ்சின் கொம்பியூட்டரின் ஒரே இடத்திலிருந்துதான் 5 வோல்ட் போகிறது. உள்ளே ஒரு கிளை, அங்கிருந்து பிரிகிறது. ஆக, மூன்று சென்சரும் ஒரே செக்கனில் சாகவில்லை. 5 வோல்ட் போகும் வயர் எங்கேயோ காரின் இரும்புப் பொடியில் முட்டுகிறது. ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் வராமல் போகுமே, அதுதான். நான் தண்ணீர் வராத வீடுகளின் குழாயை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏசி சென்சரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்த்தேன். மேட்டில் அமத்தினேன், மறுபடி இழுவை விட்டுப்போனது. அப்போ சென்சர் இல்லை, அதற்குப் போகும் வயர்.

இந்த மலிவு ஸ்கானர் செக்கனுக்குச் சில தரம்தான் வாசிக்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் வோல்ட் விழுந்து எழும்பினால் திரையின் வரைபடத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியாது. வோல்ட் அளக்கும் மீற்றர் வேண்டும்.

நிறை 58.8.

ஒக்ரோபர் 27, திங்கள்

சூரன்போர். விடாத மழை. காரைத் தொடவில்லை.

ஒக்ரோபர் 28, செவ்வாய்

மாங்குளத்தில் வயறிங் செய்யும் அண்ணையிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. துரொட்டில் சென்சரின் பிளக்குக்குப் பின்னால் ஊசி குத்தி மீற்றரை மாட்டினார். 4.98. பிளக்குகளை ஆட்டினார், 4.98. வயர்க்கட்டைத் தட்டினார், 4.98.

"தம்பி, ஹாண்ட்பிறேக்கைப் போட்டு, கால் பிறேக்கையும் அமத்திப் பிடி. டி கியரில போட்டு மெல்லமா ஒருக்கா குடு."

குடுத்தேன். எஞ்சின் பின்பக்கமாகச் சரிந்து எழும்பியது. மீற்றர் பூச்சியம்.

"இப்ப ஆரில, ரிவேர்ஸில போடு."

அதில் எஞ்சின் மற்றப் பக்கம் சரிகிறது. 4.98. அவர் சிரித்தார், நானும்.

எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் றப்பர் கிழிந்திருக்கிறது. அமத்தும்போதெல்லாம் எஞ்சின் பின்னுக்குச் சாய்ந்து, ரேடியேற்றர் பக்கம் போகும் வயர்க்கட்டை இழுக்கிறது. அங்கே ஒரு தகட்டு விளிம்பில் ஒரு வயர் தோல் உரிந்து, செம்பு பளிச்சென்று கிடந்தது. முந்தும்போது வந்தது டர்போவால் இல்லை, அமத்தியதால். கிளிநொச்சிக்காரர் கண்டதும் சரிதான், நேரம் சரி, ஆள் பிழை.

ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, வயர்க்கட்டை விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டினார். கேட்ட காசைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மவுண்டை மாற்றாவிட்டால் வேறெங்காவது தேயும் என்றார்.

ஒக்ரோபர் 29, புதன்

அப்பாவுக்குப் பாதியில் பிரஷர் விழுந்துவிட்டதாம். நேரத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். திரும்பி வரும்போது கார் எப்படி ஓடியது என்று ஞாபகம் இல்லை.

ஒக்ரோபர் 30, வியாழன்

நிறை 59.6. இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 1, சனி

புளியங்குளத்துக்கு இப்பால் ஒரு பவுசரை முந்தினேன். அடியோடு மிதித்து. விளக்கு வரவில்லை. ஓமந்தையில் இன்னொன்று. அது தேவையே இல்லை, சும்மா முந்தினேன். "என்ன அவசரம்?" என்றார் அப்பா. ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

மவுண்ட் வந்தது. வேறு மொடலுடையது, ஆணித் துவாரம் பொருந்தவில்லை. போன் பண்ணினால் எடுக்கிறார்கள் இல்லை. நாளைக்குள் சரியானது பஸ்ஸில் ஏறாவிட்டால் புதன்கிழமைக்குக் கிடைக்காது.