மிச்சமிருக்கும் எட்டு நிமிடம்

போன சனிக்கிழமை, ஆக்லாந்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், என் காரின் சிடி பெட்டி ஒரு தட்டை மூன்று முறை விழுங்கி மூன்று முறையும் வெளியே தள்ளியது. சங்கில் ஊற்றிய கஷாயத்தைக் குழந்தை துப்புவதுபோல. லார்ட் என்ற பாடகியின் ‘வர்ஜின்’ ஆல்பம் அது. 2025 ஜூன் 27 அன்று வந்தது. வழக்கமான வெள்ளித் தட்டு அல்ல. கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது. கையில் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக என் மகள் சிரிப்பது தெரிந்தது.

மாலையில் சங்கரன்கோவிலுக்குத் தொலைபேசியில் அழைத்து அப்பாவிடம் முறையிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தவர் அவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“பெட்டிக்குள் இருக்கிற லேசர் தட்டில் பட்டுத் திரும்பி வந்தால்தானே அம்மா அது பாட்டைப் படிக்கும்? கண்ணாடியில் கொஞ்சம்தான் திரும்பும். சில பெட்டிகள் சமாளித்துக்கொள்ளும். உன் பெட்டிக்குக் கண் மங்கிவிட்டது. தட்டைக் குறை சொல்லாதே.”

பிறகு அட்டையைக் காட்டச் சொன்னார். காணொளியில் காட்டினேன். நீல நிறத்தில் ஓர் இடுப்பெலும்பின் எக்ஸ்ரே. பெல்ட் கொக்கி, கால்சட்டை ஜிப், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “யாருக்கு அடி?” என்றார்.

இந்தப் பெட்டியின் கதையைச் சொல்லாமல் அந்தப் பாடகியின் கதையைச் சொல்ல முடியாது. நான் இங்கே வந்தது 2013 அக்டோபரில். அடுத்த வருடம் வாங்கிய கார், நியூசிலாந்தில் பாதிப் பேர் ஓட்டுவதுபோல, ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. அதன் வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இந்த நாட்டு நிலையங்களோ 88 முதல் 108 வரை பாடுகின்றன. இரண்டும் சந்திக்கும் அந்தக் குறுகிய சந்தில் எனக்குக் கிடைத்தவை ஓரிரு நிலையங்களும் நிறைய இரைச்சலும். அலைவரிசையை மாற்றித் தரும் சிறு டப்பா ஒன்று கடைகளில் உண்டு. முதலில் பணம் இல்லாததால் வாங்கவில்லை. பிறகு பிடிவாதத்தால் வாங்கவில்லை.

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் ஜப்பானிய மொழியில் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்வாள். ஊர் விட்டு வந்த புதிதில், காலையில் வீட்டுக்கு வெளியே என்னிடம் முதலில் பேசும் குரல் அவளுடையதுதான். வாழ்த்து என்றே நினைத்திருந்தேன். நான்கு வருடம் கழித்து ஒரு ஜப்பானியத் தோழி காரில் ஏறியபோது மொழிபெயர்த்தாள்: “சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.”

ஆக, மிஞ்சியது சிடி பெட்டி. நன்கொடைப் பொருள்களை விற்கும் ஹாஸ்பிஸ் கடைகளில் ஒன்றிரண்டு டாலருக்குப் பழைய தட்டுகள் கிடைக்கும். அங்கேதான் ‘ப்யூர் ஹீரோயின்’ என் கைக்கு வந்தது. கறுப்பு அட்டையில் வெறும் பெயர், வேறு அலங்காரம் இல்லை. நான் விமானம் இறங்கிய அந்த அக்டோபரில் இந்தப் பெண்ணின் ‘ராயல்ஸ்’ பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஒன்பது வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அப்போது அவளுக்கு வயது 16. அதற்கு முந்தைய நவம்பரில் ஐந்து பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தாள், அதில் ஒன்று இது. இசைத் தயாரிப்பாளர் ஜோயல் லிட்டிலோடு சேர்ந்து, பள்ளி விடுமுறையில், இதே ஆக்லாந்தின் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தது. 2014 ஜனவரியில் இரண்டு கிராமி விருதுகள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “லார்டா? கர்சன் பிரபுவுக்கு உறவா?” பிரபுக்கள் மேல் இருந்த மோகத்தில், ‘எல்லா’ என்ற இயற்பெயர் கொண்ட பெண் தானே சூட்டிக்கொண்ட பெயர் அது. பெண்பாலாகத் தோன்றட்டும் என்று கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டாளாம். இரண்டாவது கேள்வி: “மொத்தம் எத்தனை நிமிடம்?”

“37.”

“அறுபதில் ஒரு பக்கத்துக்கு அடங்காது. தொண்ணூறில் போடு. ஏ பக்கம் 45. எட்டு நிமிடம் மிச்சம்.”

ஒலிப்பதிவுக் கடையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். அறுபது நிமிட ஒலிநாடா என்றால் பக்கத்துக்கு முப்பது, தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியலோடு ஆள் வருவார். அறுபதா தொண்ணூறா என்று கேட்டு, ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் கூட்டி, நாடா முடியும் இடத்தில் பல்லவி அறுந்து தொங்காமல் அடுக்க வேண்டும். மிஞ்சும் நேரத்தைச் சும்மா ஓடவிடுவது அப்பாவுக்குப் பாவம். ஒரு நாதஸ்வரத் துண்டையோ, வீணையையோ வைத்து நிரப்பிவிடுவார். சட்டம் என்ன சொல்லும் என்று அன்று எங்கள் தெருவில் எவரும் கேட்டதில்லை. கார்த்திகையில் ஐயப்பன், மார்கழியில் திருப்பாவை, ஆடியில் அம்மன் பாடல்கள். வளைகுடாவில் இருக்கும் கணவருக்குக் குரலில் கடிதம் அனுப்ப வரும் பெண்களும் உண்டு. அப்போது மட்டும் அப்பா பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுத் தெருவில் போய் நின்றுகொள்வார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துப்போவார்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. ஆடி மாதம் குளிரில் வருவதும் மார்கழி வெயிலில் வருவதும்கூடப் பழகிவிட்டன. ஆடிச் செவ்வாய் அதிகாலையில் கூம்பு ஒலிபெருக்கி தூக்கத்தைக் கெடுக்காததும் பழகிவிட்டது என்றுதான் இதை எழுதத் தொடங்குமுன் நினைத்திருந்தேன்.

லார்டுக்கு வருகிறேன். நகரத் துறையிலிருந்து படகில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போனால் அவள் வளர்ந்த டெவன்போர்ட். தங்களிடம் பணமில்லை, ஆடம்பரமெல்லாம் எங்கோ வேறு ஆட்களுக்கு என்று ‘ராயல்ஸ்’ பாட்டில் பாடுகிறாள். டெவன்போர்ட்டில் வீட்டு விலை விசாரித்த எவரும் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் அந்தத் தட்டில் ஒரு தனிமை இருக்கிறது. உலகம் வேறெங்கோ நடக்கிறது, நாம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு. சங்கரன்கோவிலில் பதினாறு வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு இடத்திலும் ஏறிப்போவதற்கு ஒரு வண்டி வேண்டும்.

2017 ஜூன் 16-இல் ‘மெலோட்ராமா’. 41 நிமிடம், பி பக்கத்தில் நான்கு மிச்சம். அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஜாக் ஆன்டனாஃப் உடன் சேர்ந்து செய்தது, காதல் முறிவுக்குப் பிந்தைய ஒரு விருந்து இரவு. என் கணிப்பில் அவள் செய்ததிலேயே முழுமையானது இதுதான். தன்னைச் சுமை என்று சொல்லிக்கொண்டு வெறும் பியானோவோடு பாடும் ஒரு பாட்டை நெரிசலில் நின்ற காரில் கேட்டு அழுதிருக்கிறேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

2021 ஆகஸ்டு 20-இல் ‘சோலார் பவர்’. இங்கேதான் என் மனத்தாங்கல் தொடங்கியது. சுற்றுச்சூழலை எண்ணி, சிடியே வெளியிடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காகிதப் பெட்டி: படங்கள், கையெழுத்துக் குறிப்புகள், பதிவிறக்கக் குறியீடு. நான் விவரம் படிக்காமல் வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்து, கவிழ்த்து, உதறியும் பார்த்தேன். பிரசாதப் பையில் தேங்காய் மூடி இருந்து, விபூதிப் பொட்டலம் இருந்து, பொங்கலை மட்டும் காணாத நிலை.

அந்தப் பாட்டுகளை வேறு வழியின்றிக் கைப்பேசியில்தான் கேட்டேன். கடைசிப் பாட்டு ஆறரை நிமிடத்துக்கு மேல். கடலில் குதிக்கும்போது, சிறுவனாக இதே தண்ணீரில் குதித்த தன் அப்பாவை நினைக்கிறாள். அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

“பின்னால் ஏதோ இரைகிறதே. நாடா பழுதா?”

“சில்வண்டு அப்பா. இங்கே கோடையில் இப்படித்தான் கத்தும்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. “திரும்பப் போடு,” என்றார். குற்றாலத்துக்குப் போகும் வழியில், மரத்தடியில் பஸ்ஸுக்காக நின்ற ஒரு மத்தியானம் இருவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். இருவருமே அதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாதம் அதே ஆல்பத்தின் ஐந்து பாட்டுகளை, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் பாடி வெளியிட்டாள், ‘தே ஆவோ மாரமா’ என்று. அவள் மாவோரி அல்ல. மொழியறிந்தவர்கள் பெயர்த்துத் தர, உச்சரிப்பைக் கற்றுப் பாடினாள். வருமானம் அறப்பணிகளுக்குப் போனது. என் மகள் பள்ளியில் மாவோரி பாடுகிறவள். பாட்டைக் கேட்டுக்கொண்டே என் வாயைத் திருத்த வந்தாள். அங்கே எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது. மாவோரியில் குறிலும் நெடிலும் உண்டு, நெடிலுக்கு மேலே ஒரு கோடு. ‘ங’வில் தொடங்கும் சொற்களும் ஏராளம். ஆங்கிலம் மட்டும் அறிந்த நாக்கு அங்கேதான் தடுக்கி விழும். எனக்கோ ‘ஙப் போல் வளை’ ஒன்றுதான் கைவசம். ஔவையார் என்றோ கொடுத்தது முதல்முறையாகப் பயன்பட்டது. மகள் வாய் பிளந்து பார்த்தாள். அவளுக்கு ‘ழ’ இன்னும் வரவில்லை என்பதை அந்த நேரத்தில் சொல்லவில்லை.

சரி, இப்போது இந்தக் கண்ணாடித் தட்டு. கைப்பேசியில் கேட்க முடியாதா என்று மகள் கேட்கிறாள். முடியும். பன்னிரண்டு வருடமாக ஒரு பாடகியைக் காரில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போது இறக்கிவிடச் சொன்னால் எப்படி என்று பதில் சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

அப்பா நேற்று திரும்ப அழைத்தார். பீரோவில் பிரிக்காத தொண்ணூறு நாடாக்கள் இரண்டு இருக்கின்றனவாம். 2004-இல் கடையை மூடியபோது எடுத்து வைத்தவை. “புதியது எத்தனை நிமிடம்?”

“35.”

“முந்தையது?”

“43.”

“அப்படியென்றால் நாலும் இரண்டு நாடாவில் அடங்கிவிடும். கடைசிப் பக்கத்துப் பத்து நிமிடத்தில் அந்த மாவோரிப் பாட்டு ஒன்று. முதல் பக்கத்து எட்டு நிமிடத்துக்கு என்ன செய்வது?”

நாதஸ்வரம் வையுங்கள் என்றேன். பொருந்தாது என்றார். சற்று யோசித்துவிட்டு, “உன் வண்டியில் ஒரு பெண் பேசுவாளே, நல்ல குரல். அதைப் பிடித்து அனுப்பு,” என்றார்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியில் பதிவை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். அட்டை செருகப்படவில்லை என்று மரியாதையாகச் சொன்னாள். கேட்டுப் பார்த்தேன்: ஆறு விநாடி. இன்னும் 7 நிமிடம் 54 விநாடி மிச்சம் இருக்கிறது.