பக்கவாட்டில் திருப்பியபோது

நேற்று ராத்திரி அப்பாவின் பழைய போட்டோ ஒன்றை, ஒரே படத்திலிருந்து முப்பரிமாண உடல் எடுக்கும் நிரலில் போட்டுப் பார்த்தேன். வேட்டி கட்டி, திண்ணையோரம் நிற்கும் படம். முன்பக்கம் அச்சு அசல் அப்பாதான். மவுஸால் உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். முழங்கால் மடங்கி, எதிர்க்காற்றில் நடப்பவர் மாதிரி முன்னால் சாய்ந்து நிற்கிறார்!

நிரலைத் திட்டிப் பயனில்லை. படத்தில் ஆழம் கிடையாது. கிட்டே நிற்கும் குள்ளமானவரும் தள்ளி நிற்கும் உயரமானவரும் அதில் ஒரே அளவாகத் தெரியலாம். அதனால்தான் ஒரு பொது உடலை முதலில் வைத்துக்கொண்டு, அதைப் படத்துக்குப் பொருத்துகிறார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக் குழு 2015-இல் வெளியிட்ட எஸ்எம்பிஎல் அப்படி ஒன்று. உடம்பின் மேற்பரப்பாக 6,890 புள்ளிகள் கொண்ட வலை, உள்ளே 24 மூட்டுகள். உடல்வாகைச் சொல்லப் பெரும்பாலும் 10 எண்கள்தான். உயரம், தோள், தொப்பை எல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அந்தப் பத்தையும் அது கற்றது அமெரிக்க, ஐரோப்பியப் பெரியவர்கள் சுமார் 3,800 பேரின் ஸ்கேன்களிலிருந்து. அதுவும் இறுக்கமான உடையில் எடுத்தவை. வேட்டிக்குள் கால் எங்கே என்று அது எங்கே கண்டது?

அப்புறம் பேன்ட் போட்ட படம் ஒன்றைக் கொடுத்தேன். சாய்வு குறைந்தது, தொப்பையையும் காணோம். அம்மாவிடம் காட்டினேன்.

"இந்த உடம்பு உங்கப்பாவுக்கு எப்படா இருந்துச்சு?" என்றார்.